சாங்ஜூ அரிசி

யார் வீட்டுக்கும் நான் வெறுங்கையோடு போனதில்லை. பக்கத்து வீட்டில் உப்பு கேட்கப் போனாலும் கையில் நாலு மிளகாய் இருக்கும். மகளைப் பார்க்க சியோலுக்குப் பஸ் ஏறினால் சொல்லவே வேண்டாம். டிரைவர் என் மூட்டைகளைப் பார்த்துவிட்டு, "ஊரையே காலி பண்ணிட்டுக் கிளம்பிட்டீங்களாம்மா?" என்பார். அரிசி, நல்லெண்ணெய், மிளகாய்த்தூள், வசந்தத்தில் பறித்து அவித்து உருண்டை பிடித்து உறைய வைத்த மாசிபத்திரிக் கீரை என்று எல்லாம் அதில் இருக்கும். போக முடியாத மாதங்களில் பெட்டி கட்டி கூரியரில் அனுப்புவேன்.

என் பெயர் பில்நாம். 'அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும்' என்று வேண்டிக்கொண்டு வைத்த பெயர். பெயர் பலித்து தம்பி பிறந்தான். நான் வாழ்க்கைப்பட்டு வந்த வெள்ளிப்பள்ளத்தில் அந்தப் பெயர் சொல்லி என்னை யாரும் கூப்பிடுவதில்லை. பிறந்த ஊர் சாங்ஜூ என்பதால் நாற்பது வருஷமாக நான் சாங்ஜூக்காரி.

வெள்ளிப்பள்ளம் என்று பெயர்தான், வெள்ளி எல்லாம் ஒன்றும் இல்லை. ஈயமும் துத்தநாகமும் எடுத்த சுரங்கம். நான் வாழ வந்த மறு வருஷமே அதை மூடிவிட்டார்கள். சுரங்க வாயை கான்கிரீட்டால் அடைத்தார்கள். அரைத்துக் கழுவிய கழிவு மண்ணை மட்டும் மலையடியில் மேடாகக் குவித்தபடியே விட்டுப் போனார்கள். மழை பெய்தால் அந்தச் சாம்பல் மேட்டிலிருந்து ஓடை இறங்கி முதலில் என் வயலில் பாயும். அப்புறம் வரப்பு மடையைத் தாண்டி ஊர்க்காரர் குவான்சு அண்ணன் வயலுக்குப் போகும்.

என் வீட்டுக்காரர் அந்தச் சுரங்கத்து ஆலையில் தாது கழுவியவர். எட்டு வருஷத்துக்கு முன்னால் சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போனார். இழவு வீட்டில், வந்தவர்கள் எல்லாம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, என் ஒரே மகள் ஹேரான் பட்டென்று சொன்னாள். "இந்த மண்ணுதான் அப்பாவத் தின்னுச்சு. இங்க வெளஞ்சதத் தின்னுதான் அவர் செத்தாரு."

எனக்கு நாக்கு நீளம். வருத்தத்தில் அது இன்னும் நீண்டது. "அப்போ ஆக்கிப் போட்டது யாருடி? நான்தான் வெஷம் வெச்சுக் கொன்னேன்னு சொல்லிட்டுப் போயேன்."

அதற்குப் பிறகு அவள் அறுவடைத் திருநாளுக்கு வருவாள், அப்பாவின் சமாதியில் விழுந்து கும்பிடுவாள், இரண்டு மணி நேரத்தில் கிளம்பிவிடுவாள். குடிக்கத் தண்ணீர்கூடக் கையிலேயே கொண்டுவருவாள். ஒருமுறை நான் சொல்லாமல் அவள் வீட்டுக்குப் போனேன். பால்கனியில் என் பெட்டிகள் மூன்று, நான் ஒட்டிய டேப்பு ஒட்டியபடி, பிரிக்காமல் கிடந்தன. அவற்றைப் பார்க்காத மாதிரி பார்லி டீயைக் குடித்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து பெட்டி அனுப்புவதை நிறுத்தினேன்.

ஆனால் கை நிறுத்தவில்லை. இரண்டு பேருக்கு அரிசி அளக்கும். பங்குனியில் மாசிபத்திரி தளிர்விட்டால் கூடையை எடுத்துக்கொண்டு ஓடும். சாயங்காலம் நாலு மணி பஸ் ஊருக்குள் திரும்பும் சத்தம் கேட்டால் அடுப்பைக் குறைத்துவிட்டு நிற்பேன். பஸ்ஸிலிருந்து இறங்குவது எப்போதும் வேறு யாராவதுதான். எட்டு வருஷம் அப்படி நின்றிருக்கிறேன். அவள் வந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, உள் அறையில் காலை நீட்டிப் படுத்துத் தூங்க வேண்டும், நான் கதவோரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

போன ஐப்பசியில் மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்தார்கள். பழைய சுரங்கங்களைச் சுற்றியுள்ள ஊர்களில் புது அரிசியைச் சோதிக்கிறார்களாம். ஓடைத் தண்ணீர் பாயும் கீழ்வயல் வைத்திருக்கிற ஒவ்வொரு வீடும் இரண்டு கிலோ கொடுக்க வேண்டும். காட்மியம் என்று ஒன்று, அளவுக்கு மேல் இருந்தால் மொத்த விளைச்சலையும் அரசாங்கமே எடுத்துக்கொண்டு போய் எரித்துவிடும்.

அடுத்த நாள் காலை, வழக்கமாக ஒலிபெருக்கியில் உரம் வந்திருக்கிறது, நாயைக் கட்டிப்போடுங்கள் என்று கத்தும் எங்கள் ஊர்த்தலைவர், அன்றைக்கு ஒலிபெருக்கி இல்லாமல் வீடு வீடாக வந்தார்.

"அரிசி போனாக்கூடப் பரவால்ல. ஊர் பேரு போச்சுன்னா, மேல்வயல் மிளகாயையும் எவனும் தொட மாட்டான். ஒரு மாதிரி பாத்துக் குடுங்க. நான் ஒண்ணும் சொல்லல."

அவர் ஒன்றும் சொல்லவில்லை, எங்களுக்குத்தான் எல்லாம் புரிந்தது. சிலர் மேல்வயல் அரிசியைக் கொடுத்தார்கள். தம்பி அனுப்பிய சாங்ஜூ அரிசி என்னிடம் ஒரு மூட்டை இருந்தது. அதிலிருந்து இரண்டு கிலோ அளந்து, பையில் என் பெயரையும் என் வயல் எண்ணையும் நானே கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். நான் அரிசியை அரிசியிலேயே மறைத்தேன்.

குவான்சு அண்ணன் மட்டும் மறைக்கவில்லை. அவர் அந்தச் சுரங்கத்தில் துளை போட்டவர், எழுபத்திரண்டு வயது, ஒண்டிக்கட்டை. "என் வயல்ல வெளஞ்சது எப்படியோ அப்படியே போகட்டும்," என்று கீழ்வயல் அரிசியையே கொடுத்தார். ஒரு மாதத்தில் முடிவு வந்தது. இருக்கலாம் என்பது பூஜ்யம் புள்ளி இரண்டு, அவருடையது பூஜ்யம் புள்ளி ஏழு. லாரி வந்து அவர் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனது. கடைசி மூட்டையை ஏற்ற அவரே கை கொடுத்தார். எனக்கு வந்த தாளில், 'உண்ணத் தகுதியானது' என்று முத்திரை குத்தியிருந்தது. அந்தத் தாளைக் காலண்டருக்குப் பின்னால் சொருகிவிட்டு, அந்தப் பக்கமே திரும்பாமல் இருந்தேன்.

மார்கழியில் ஹேரான் போன் செய்தாள். பெருநாளும் இல்லை, திதியும் இல்லை. யாருக்கு என்ன ஆயிற்றோ என்று ஈரக் கையோடு எடுத்தேன்.

"அம்மா, அஞ்சு மாசம்."

ஏற்கெனவே இரண்டு முறை மூன்றாம் மாதமே கலைந்துபோனவள். முப்பத்தாறு வயது. இந்தத் தடவை அஞ்சு மாசம் வரைக்கும் பயந்து பயந்து வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள்.

"சாப்பிடுறியா?" என்றேன். வேறென்ன கேட்கத் தெரியும் எனக்கு.

"எல்லாம் வாந்தி. ஆனா ஒண்ணு மட்டும் கேக்குது. உன் மாசிபத்திரிக் கொழுக்கட்டை." அப்புறம் சொன்னாள். "அம்மா, இங்க எல்லாரும் பிரசவம் ஆனதும் காசு கட்டி ஆஸ்பத்திரி மாதிரி ஒரு எடத்துல போய்ப் படுத்துக்குறாங்க. எனக்கு அது வேண்டாம். இருபத்தியோரு நாளும் உங்கிட்ட வந்து இருக்கட்டுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள். "நம்ம ஊருல சோதனை பண்ணாங்கன்னு நியூஸ்ல பாத்தேன். நம்ம வயலுக்கு என்ன வந்துச்சு? அது மட்டும் சொல்லு."

"சுத்தமா இருக்குன்னு வந்துச்சு," என்றேன். ஒரு மூச்சுக்கூட யோசிக்கவில்லை. காலண்டருக்குப் பின்னாலிருந்து தாளை எடுத்துப் படம் பிடித்து அனுப்பினேன்.

அவள் அழுதாள். "நான் அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா. அப்பா சாவுல உன்னயப் போய்..." என்றாள்.

எட்டு வருஷம் நான் காத்திருந்த மன்னிப்பு அது. என் தம்பி வயலில் விளைந்த அரிசியால் கிடைத்தது. வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து என் காலில் சக்கரம். உள் அறைக்குப் புதுக் காகிதம் ஒட்டினேன். குளிருக்குத் தரைக்குக் கீழே விடும் சூடு சரியாக ஓடுகிறதா என்று ஆள் வைத்துப் பார்த்தேன். பிள்ளை பெற்றவளுக்குச் சூப் வைக்கக் கடற்பாசி வாங்கிக் கொடியில் போட்டேன். பிள்ளை பிறந்த வீட்டு வாசலில் இருபத்தியோரு நாள் கட்டும் வைக்கோல் கயிற்றை இடப்பக்கமாக முறுக்கித் திரித்தேன். ஆண் என்றால் மிளகாய் சொருக வேண்டும், பெண் என்றால் பைன் இலை, இரண்டுக்கும் கரித்துண்டு. எங்கள் ஊரில் அந்தக் கயிறு தொங்கி இருபது வருஷம் ஆயிற்று. சந்தையில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "எம்மக வர்றா, பிரசவத்துக்கு," என்றேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

பங்குனி பிறந்தது. ஊர் முழுவதற்கும் முன்னால் மாசிபத்திரி தளிர்விடுவது சாம்பல் மேட்டில்தான். வேறு எதுவும் அங்கே வளராது, இது மட்டும் முழங்கால் உயரத்துக்குக் கொழுத்து நிற்கும். குத்துக்காலிட்டு உட்கார்ந்து கூடை நிறையக் கிள்ளிக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ செருமினார்கள். குவான்சு அண்ணன்.

"சாங்ஜூக்காரிக்கு அவசரத்தப் பாரு. இன்னும் பனியே வடியல."

"மகளுக்கு அண்ணே. கொழுக்கட்டை கேக்குறா."

"ஓ." பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தார். "அதுக்கென்ன, நீ குடுக்கலாம். உன் வயல் தங்கமான வயலாச்சே. கவர்மென்டே முத்திரை குத்திக் குடுத்துருச்சு."

நான் தலை நிமிரவில்லை.

"எனக்கு ஒரே ஒரு சந்தேகந்தான்," என்றார். "என் வயலுக்கு வர்ற தண்ணி உன் வயலக் கழுவிட்டுத்தானே வருது? உங்கிட்ட இல்லாத அழுக்கு எங்கிட்ட எப்படி வந்துச்சு? வரப்புலயே ஒக்காந்து யோசிச்சேன். புரியல."

"குத்திக் காட்டாதீங்க அண்ணே."

"குத்தல. என் அரிசி எரிஞ்சப்ப எனக்கு ஒண்ணும் வலிக்கல. திங்க யாரு இருக்கா எனக்கு?" எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். "எனக்கு ஒரு பொண்ணு இருந்து, அது வயித்துல ஒரு உசுரும் இருந்துச்சுன்னா, இங்க வந்து கிள்ளுவேனான்னு பாக்குறேன். அவ்வளவுதான். நீ கிள்ளு."

அவர் போய்விட்டார். நான் கிள்ளவில்லை. கூடையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு ஒரு வழியும் இல்லை. இழவு வீட்டில் ஹேரான் சொன்ன அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

மறுநாள் அரிசிப் பானையிலிருந்து இரண்டு கிலோ, கூடையிலிருந்து ஒரு பை கீரை, இரண்டையும் எடுத்துக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். மேசையில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத்தான் ரிசல்ட் வந்துருச்சேம்மா, எல்லாம் நல்லா இருக்கு," என்றாள்.

"அது என் அரிசி இல்லம்மா. இதுதான் என் அரிசி."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். விசாரணை, கையெழுத்து என்று அரை நாள் ஓடியது. அடுத்த நாள் காலை ஊர்த்தலைவர் ஒலிபெருக்கியில், "சிலர் இருக்காங்க. தான் நல்லவளாகணும்னு ஊரையே வித்துட்டு வருவாங்க. அப்புறம், உரம் வந்திருக்கு," என்றார். எனக்கு உறைக்கவே இல்லை. என் மனதெல்லாம் உள் அறையின் புதுக் காகித வாசனையில் இருந்தது. முடிவு நல்லதாக வரவேண்டும் என்று மலைக்கும் ஓடைக்கும் வேண்டிக்கொண்டேன். இந்த வயதில் எனக்கு அவ்வளவு புத்தி.

அரிசியில் பூஜ்யம் புள்ளி ஒன்பது என்று வந்தது. கீரையில் அதைவிடப் பல மடங்கு.

தாளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு போன் செய்தேன். "ஹேரான், நீ இங்க வராத."

"என்னம்மா?"

சொன்னேன். சாங்ஜூ மூட்டை, பையில் எழுதிய வயல் எண், குவான்சு அண்ணன், லாரி என்று ஒன்று விடாமல் சொன்னேன். எண்களைப் படித்துக் காட்டினேன்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"குடுக்கும்போதே."

"தெரிஞ்சே படம் புடிச்சு அனுப்புன."

"ஆமா. நீ வரணும்னு இருந்துச்சு. நீ வந்தாப் போதும்னு இருந்துச்சு. வேற ஒண்ணும் கண்ணுல படல." அப்புறம் அந்தத் தாள் வந்ததிலிருந்து நெஞ்சில் கல்லாகக் கிடந்ததைக் கேட்டேன். "ஏய், நான் முன்னால அனுப்புன பெட்டியெல்லாம் தின்னியா நீ? அந்த ரெண்டு பிள்ளையும்... அதனாலயா? மறைக்காம சொல்லு. பிரிக்காமத் தூக்கித்தானே போட்ட?"

"தூக்கிப் போட்டேன்," என்றாள்.

"எல்லாத்தையும்?"

"எல்லாத்தையும்."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. குனிந்து நட்டு, நிமிர்ந்து அறுத்து, கல் பொறுக்கிக் கட்டி அனுப்பிய அரிசி குப்பைக்குப் போயிற்று என்று கேட்டு இப்படி மனம் குளிர்ந்த தாய் வேறு எங்காவது இருப்பாளா? "நல்ல காரியம் பண்ண," என்றேன். "நல்ல காரியம் பண்ண, தாயி."

"மாசிபத்திரி தவிர," என்றாள்.

"தின்னுட்டியா?"

"இல்ல. ஒரு உருண்டை வெச்சிருக்கேன், ஃபிரீஸர்ல. அப்பா செத்த வருஷத்தோடது. எப்பவாச்சும் எடுத்து, பனி விட்டதும் மோந்து பாத்துட்டு, திரும்ப வெச்சிருவேன்." போனை வைத்துவிட்டாள்.

ஒன்பது நாள் சத்தமே இல்லை. நான் செய்ததற்கு அது குறைவு என்றுதான் நினைத்தேன். உள் அறைக் கதவைச் சாத்தி வைத்தேன். என் அரிசியையும் லாரி வந்து எடுத்துப் போயிற்று. நாலு மணி பஸ்ஸின் சத்தத்துக்கு இப்போது நான் வெளியே வருவதில்லை. அடுப்பைக் குறைத்துவிட்டுச் சமையல்கட்டிலேயே நிற்பேன்.

பத்தாம் நாள் காலையில் அழைத்தாள். குரலில் இன்னும் கோபம் இருந்தது.

"அடுத்த வாரம் தேதி குடுத்திருக்காங்க. நீ இங்க வா."

"நானா?"

"வேற எத்தன அம்மா இருக்காங்க எனக்கு? ஆனா ஒண்ணும் எடுத்துட்டு வரக் கூடாது. அரிசி, கீரை, ஊறுகாய், ஒரு மிளகா, ஒண்ணும். வெறுங்கையோட வா. வரத் தெரியுமா உனக்கு?"

"பாக்குறேன்," என்றேன்.

சாவியைக் குவான்சு அண்ணனிடம் கொடுத்தேன். ஆணியில் தொங்கிய கயிற்றைப் பார்த்து, "இத எங்க கட்டப் போற? லிஃப்ட்லயா?" என்றார். "எங்கயும் கட்டல," என்றேன். என் வயல் வைக்கோல் அது. அதையும் அங்கேயே விட்டேன்.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது தோள் இரண்டும் லேசாக, ஏதோ திருட்டுப் போன மாதிரி இருந்தது. டிரைவர் கதவைத் திறந்து, "மூட்டை எங்கம்மா?" என்றார். இல்லை என்று காட்டக் கையை விரித்தபோதுதான் பார்த்தேன். நின்ற நேரத்தில், என்னை அறியாமல், வேலியோரத்து மாசிபத்திரியைக் கிள்ளி உள்ளங்கையில் நசுக்கி வைத்திருக்கிறேன். உதறிவிட்டு ஏறினேன். சியோல் பஸ் நிலையத்தில் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினேன். நகக்கண்ணில் பச்சை போகவில்லை.

ஹேரான் கதவைத் திறந்தாள். வயிறு முன்னால் வந்தது, அவள் பின்னால் வந்தாள். முகம் வீங்கி, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. எட்டு வருஷத்தில் நான் அவளை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து என் கைகளைத்தான் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணும் இல்ல." இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன்.

அவள் வலக்கையைப் பிடித்தாள். பிடித்தவள் நின்றாள். மெதுவாக மூக்கருகே கொண்டுபோனாள்.

"மூணு தடவ கழுவினேன்டி," என்றேன். "போகல. விடு, இன்னொரு தடவ கழுவிட்டு வர்றேன். பிள்ளைத்தாச்சி நீ."

"கழுவலாம்," என்றாள் ஹேரான். "கொஞ்சம் பொறு."

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு என் கையை மோந்துகொண்டிருந்தாள்.